நகலில் இன்னும் வராத உத்தரவு

ஜூன் 3, திங்கள்

இன்று காலையிலிருந்து எல்லா வார்டு டேப்ளட்டுகளும் நம் கட்டிடத்தில் இருக்கும் நகலிலிருந்தே படிக்கின்றன. யோசனை என்னுடையது. இரண்டு மாதம் எழுதி எழுதிக் கேட்டு, இன்றுதான் நடந்தது.

டாக்டர் எழுதும் எந்த உத்தரவும், மருந்தோ ஊசியோ சாப்பாடோ, மதுரைத் தலைமை மருத்துவமனையில் இருக்கும் மெயின் டேட்டாபேஸில்தான் பதிகிறது. அங்கே பதிந்தது தனிக் கம்பி ஒன்றின் வழியாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் இங்கே திருநெல்வேலியில் இருக்கும் நகலுக்கு வந்துவிடும். இத்தனை நாளும் வார்டு சிஸ்டர்கள் ஒவ்வொரு தட்டலுக்கும் மதுரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் வட்டம் சுற்றும். அதைப் பார்த்துக்கொண்டு கையில் ஊசியோடு நிற்பார்கள். இனி அது இல்லை.

மூன்றாம் மாடிக்கு நானே ஏறிப்போய்ப் பார்த்தேன். இசக்கியம்மாள் சிஸ்டர் டேப்ளட்டைத் தட்டிக் காட்டினாள்.

"யக்கா, தொட்ட ஒடனே தொறக்கு. என்ன மாயம் பண்ணுனிய?"

"மாயம் ஒண்ணும் இல்ல. மதுரைக்குப் போயிட்டு வர வேண்டாம், அவ்வளவுதான்."

"இனிமே டாக்டர் வையுத நேரத்துலயாவது இது தொறந்துரும்" என்று சிரித்தாள்.

எங்கள் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் ராமசுப்பு சார் மதியம் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் மீட்டரை என் மேஜைத் திரையில் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். பச்சை. பூஜ்ஜியம்.

ஜூன் 6, வியாழன்

மகள் ஷைனிக்குப் பள்ளி ஷூ வாங்கினேன். எட்டாம் வகுப்புக்கே என் சைஸ் ஆகிவிட்டது. இவர் தோஹாவிலிருந்து பேசினார், வெயில் தாங்கவில்லையாம்.

ஜூன் 12, புதன்

இரண்டாம் மாடியில் சிறு கூத்து. மதியம் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவருக்குப் பத்தரை மணிக்கு மேல் இட்லி கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நாளைக்குத் தள்ளிப்போனது. சமையற்கட்டு செல்லத்தாய் அக்காவை எல்லோரும் பிடித்து உலுக்கிவிட்டார்கள்.

"நா என்ன செய்ய? போர்டுல இட்லின்னுதான போட்டிருந்துச்சு" என்று அவள் கேண்டீன் வாசலில் நின்று அழுதாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று சமையற்கட்டுத் திரையைப் போய்ப் பார்த்தேன். அந்த நோயாளிக்கு 'உணவு இல்லை' என்று தெளிவாக இருந்தது. மீட்டரில் பூஜ்ஜியம். முந்தின நாள் திரையை அப்படியே வைத்துப் பார்த்திருப்பாள். அப்படித்தான் சாரிடமும் சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

அப்பாவை எலும்பு டாக்டரிடம் காட்டினேன். வலது முழங்காலை மாற்றியே ஆக வேண்டுமாம். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்த கால். நம் மருத்துவமனையிலேயே, ஊழியர் சலுகையில். ஜூலை ஒன்றாம் தேதி சேர்க்கச் சொன்னார்கள்.

"ஒன் ஆஸ்பத்திரின்னா எனக்குப் பயமில்லட்டி" என்றார் அப்பா.

ஜூன் 19, புதன்

நான்காம் மாடியிலிருந்து போன். வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரின் பெயர் கட்டிலில் இன்னும் இருக்கிறது, அதே கட்டிலில் புதிதாக ஒருவரும் இருக்கிறார் என்றார்கள். நான் போய்ப் பார்ப்பதற்குள் சரியாகிவிட்டது. திரையைப் புதுப்பிக்காமல் பார்த்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"புதுப்பிச்சுதாங்க பாத்தோம்" என்றாள் ஒரு சின்னப் பெண். பயிற்சிக்கு வந்தவள்.

ஜூன் 20, வியாழன்

பூஜ்ஜியம்.

ஜூன் 24, திங்கள்

மூன்றாம் மாடியில் ஒரு மரணம். வள்ளிநாயகம் என்று ஒருவர், லாரி மெக்கானிக், வயது ஐம்பத்தெட்டு. நெஞ்சுவலிக்காகச் சேர்ந்து, இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்று குளியலறையில் வழுக்கித் தலையில் அடி. இன்று காலை ஸ்கேனில் உள்ளே கசிவு தெரிந்ததும் டாக்டர் அந்த ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டார். மதியத்துக்கு முன்னால் அதே ஊசியை மறுபடி போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் போய்விட்டார்.

போட்டது இசக்கியம்மாள்.

அவருடைய மகன்கள் லிஃப்ட் பக்கத்துக் கண்ணாடியை உடைத்தார்கள். போலீஸ் வந்தது. நான் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

இசக்கியைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். டாக்டர் உத்தரவு மெயினில் காலை பத்தே காலுக்கே பதிந்திருக்கிறது. ஊசி போட்டது பதினொன்றே முக்கால். இதில் பேச என்ன இருக்கிறது என்றார் நிர்வாக அதிகாரி கோமதிநாயகம்.

பதினோரு மணி போல அவள் எங்கள் அறைக்கு வந்தாள். யூனிஃபார்ம் இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் சுடிதாரில் ஏதோ கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள்.

"யக்கா, நா பாத்தேன். ஊசி போடணும்னு பச்சையாத்தான் இருந்துச்சு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்தேன். எம் பிள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன்."

"டேப்ளட்ல நிறுத்தியாச்சுன்னுதான இசக்கி இருக்கு."

"இப்ப இருக்கு. அப்ப இல்ல."

நான் மீட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். "இந்தா பாரு. நகல் ஒரு நொடிகூடப் பிந்தல. பூஜ்ஜியம்."

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது பொய் சொல்லாதாக்கா?"

"மெஷின் எதுக்குப் பொய் சொல்லுது?"

"அப்ப நாந்தான் சொல்லுதேன்" என்றாள். சத்தமில்லாமல் போய்விட்டாள்.

காபி கசந்தது. பால் கெட்டிருக்கலாம்.

ஜூன் 26, புதன்

விசாரணைக் குழுவுக்குத் தொழில்நுட்ப அறிக்கை வேண்டுமாம். ராமசுப்பு சார் என் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்: "பெருசா ஒண்ணும் வேண்டாம் பியூலா. பிந்துதல் எதுவும் இல்லன்னு ரெண்டு வரி எழுதி, மீட்டர் படத்தச் சேத்து, கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு."

எழுதிக் கொடுத்தேன். உண்மைதான். மீட்டர் பூஜ்ஜியம்தான் காட்டியது.

சாயங்காலம் ஷைனியின் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். நன்றாகப் படிக்கிறாளாம்.

ஜூன் 27, வியாழன்

காலையில் பஸ்ஸில் வரும்போது அந்த இட்லி ஞாபகம் வந்தது. பிறகு நான்காம் மாடிக் கட்டில். பிறகு அந்தப் பயிற்சிப் பெண்ணின் முகம்.

அறைக்கு வந்ததும் வேறு வேலை எதையும் தொடாமல், அந்த மீட்டர் எதிலிருந்து எதைக் கழிக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தேன். இதை மூன்று வாரத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது. மீட்டரைக் கொடுத்த கம்பெனி சொன்னதை அப்படியே நம்பி மாட்டியிருந்தேன்.

நகலுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு, அதில் நகல் எழுதி முடித்தது எவ்வளவு. இந்த இரண்டையும்தான் கழிக்கிறது. மதுரையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது கேட்கவே இல்லை. தபால்காரர் வீட்டுப் பக்கமே வராத நாளில், பிரிக்காத கடிதம் ஒன்றுகூட இல்லை என்று சொல்லிக்கொள்வது போல. கம்பி அடைத்துக்கொண்டால் எதுவும் வராது. எதுவும் வராவிட்டால் எழுத எதுவும் மிச்சமில்லை. பூஜ்ஜியம். பச்சை.

அப்படியானால் கம்பி அடைக்கும்போது வார்டில் தெரிவது பழைய உத்தரவு. அடைப்பு நீங்கியதும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். யார் போய்ப் பார்த்தாலும் திரை சரியாக இருக்கும்.

மதியம் சாப்பிடப் போகவில்லை.

ஜூன் 28, வெள்ளி

ராமசுப்பு சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அடைச்சுதுன்னு ஒனக்குத் தெரியுமா, இல்ல அடைச்சிருக்கலாம்னு சொல்லுதியா?"

"அடைச்சிருக்கலாம் சார்."

"இருபத்துநாலாம் தேதி அடைச்சுதுங்கதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

இல்லை. ஒவ்வொரு பதிவும் மெயினில் முழுதாகப் பதிந்து முடியும் கணத்தைக் கமிட் என்போம். அந்தக் கமிட் நேரங்களைக் குறித்துவைக்கும் வசதி டேட்டாபேஸிலேயே உண்டு. ஆனால் நாமாக இயக்கிவைக்க வேண்டும். யாரும் இயக்கவில்லை. இயக்குவதற்கு முந்தின நாட்களுக்கு அது எதையும் சொல்லாது. இருபத்துநான்காம் தேதி போனது போனதுதான்.

"அப்ப டேப்ளட்டையெல்லாம் மறுபடி மெயினுக்கே மாத்திரட்டுமா சார்?"

"வெசாரண நடக்கும்போதா? இப்ப மாத்துனா, தப்பு நம்ம மேலதான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும். முந்தாநாளு நீயே கையெழுத்துப் போட்டிருக்க. எதையும் தொடாத."

சரிதான். மாற்றிவிட்டால் நகலையே அணைத்துவிடுவார்கள், அந்த அடைப்பை யாரும் எப்போதும் பார்க்க முடியாது. இசக்கிக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும். அவளுக்காகவாவது இப்படியே இருக்கட்டும்.

மதுரை முகைதீனுக்குப் போன் செய்தேன். மெயினைப் பார்த்துக்கொள்பவர். "கமிட் நேரமா? அதுக்கு மெயினை ஒரு தடவ அணைச்சுப் போடணுங்க. ஞாயித்துக்கெழம பராமரிப்பு இருக்கு. அப்ப போட்டுர்றேன். எதுக்குன்னு கேக்கல" என்றார். கேட்காமலிருந்ததற்கு நன்றி சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஆலயத்தில் பாஸ்டர் பேசியது எதுவும் மனதில் ஏறவில்லை. பதினொன்றரைக்கு முகைதீன் செய்தி அனுப்பினார்: போட்டாச்சு.

ஜூலை 1, திங்கள்

அப்பாவைச் சேர்த்துவிட்டேன். மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். தாமிரபரணி தெரிகிறது என்று சந்தோஷம்.

மதுரையில் கடைசியாகப் பதிந்த கமிட்டின் நேரம், இங்கே நகலில் கடைசியாக வந்த கமிட்டின் நேரம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டிருக்கிறேன். இரண்டுமே மதுரைக் கடிகாரத்தின் நேரம், அதனால் குழப்பம் வராது. இடைவெளி ஒரு நொடிகூட இல்லை. பழைய மீட்டரும் அதையே சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போவதைப் பார்க்க ஏமாற்றமாக இருந்தது. இதை எழுதியிருக்கக் கூடாது.

அப்பாவைக் கவனிக்கும் ஸ்டெல்லா சிஸ்டரிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னேன். அப்பாவுக்கு எந்த ஊசி போடுவதானாலும் எனக்கு ஒரு போன் பண்ணிவிட்டுப் போடச் சொன்னேன்.

"ஏன் மேடம், சுகர் ஏதும் இருக்கா?"

"இல்ல, அவருக்கு ஊசின்னா கொஞ்சம் பயம். நான் பக்கத்துல இருந்தா நல்லது."

எல்லா மாடிக்கும் சொன்னால் பேச்சு கிளம்பிவிடும்.

ஜூலை 2, செவ்வாய்

அடைப்பு இல்லை.

ஜூலை 3, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியும்போது அப்பா, "வண்ணார்பேட்ட எறங்குதவங்க முன்னால வாங்க" என்றார். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன்.

பகல் பதினொரு மணியை ஒட்டி இடைவெளி ஒரு நிமிடம் வரை போய்த் திரும்பியது. முகைதீனிடம் கேட்டேன். திங்கள், புதன், வெள்ளியில் காலை பத்து மணிக்கு மேல் ஸ்கேன் படங்களை மொத்தமாக அதே கம்பியில்தான் அனுப்புவார்களாம். இருபத்துநான்காம் தேதியும் ஒரு திங்கள்.

இன்னும் ஒரு தடவை. பெரிதாக ஒன்று வந்தால் போதும். வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டு மாற்றிவிடலாம்.

ஜூலை 4, வியாழன்

வாசலில் இசக்கி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே விட மாட்டார்கள். சம்பள விஷயமாக வந்தாளாம். என்னைப் பார்த்ததும் பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கூப்பிட்டிருக்கலாம். ஆதாரம் கையில் கிடைத்ததும் கூப்பிட்டால் போதும் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அப்பாவின் கட்டிலருகே நான் இருக்கும்போதே டாக்டர் வந்தார். காயத்தில் கசிவு அதிகம் என்று, இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியை நிறுத்தச் சொல்லி, தன் கையிலிருந்த டேப்ளட்டிலேயே எழுதினார். எழுதியதையெல்லாம் வார்டைச் சுற்றி முடித்த பிறகுதான் மொத்தமாக அனுப்புவார். நான் கீழே வந்தேன்.

பத்தரையை ஒட்டி இடைவெளி தொடங்கியது. முதலில் நொடிகள். பிறகு நிமிடங்கள். மதுரையில் கமிட் நேரம் நகர்ந்துகொண்டே போனது. இங்கே நகலில் பத்து இருபத்தெட்டில் நின்றுவிட்டது. எத்தனை தடவை கேட்டாலும் பத்து இருபத்தெட்டு. பக்கத்துத் திரையில் பழைய மீட்டர் பச்சையாக, பூஜ்ஜியத்தில், அசையாமல் இருந்தது.

படம் எடுத்தேன். இரண்டு திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். இடைவெளி அரை மணி நேரத்தைத் தாண்டட்டும் என்று காத்திருந்து இன்னொரு படம் எடுத்தேன். ஒன்று போதாது என்று தோன்றியது.

அப்போதுதான் அப்பாவின் உத்தரவு பதிந்தது எப்போது என்று பார்த்தேன். பத்து முப்பத்தொன்று.

படியில் ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை. ஸ்டெல்லா இன்று லீவு. வேறொரு சிஸ்டர் தட்டோடு அப்பாவின் கட்டிலருகே நின்று, அவர் வயிற்றுத் தோலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போடாதீங்க!"

"மேடம், டைம் ஆயிட்டு. டேப்ளட்ல இருக்கே."

"இருக்கட்டும். போடாதீங்க. டாக்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்க."

கேட்டாள். முகம் மாறியது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். அப்பா, "என்னட்டி, இப்படி மூச்சு வாங்குது? ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். தலையணையைச் சரி செய்தேன். ஆற்றில் யாரோ எருமை குளிப்பாட்டுகிறார்கள் என்று காட்டினார். பார்த்தேன்.

பிறகு நர்ஸ் மேஜையிலிருந்து மற்ற மாடிகளுக்குப் போன் செய்தேன். டேப்ளட்டைப் பார்த்து யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்றேன். இரண்டாம் மாடியில் போனை எடுக்க ஆளில்லை. மறுபடி அடித்தபோது எடுத்தவள், எல்லோரும் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கிறோம் என்றாள்.

கீழே வந்து டேப்ளட்டுகளை மெயினுக்கு மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

ஜூலை 6, சனி

இரண்டாம் மாடியில் இருந்தவர் பெயர் சண்முகத்தாய். அறுபத்தைந்து வயது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று நேற்றுக் காலை டாக்டர் அவருடைய இன்சுலினைப் பாதிக்கும் கீழே குறைத்திருக்கிறார். பதினொன்று இருபதுக்குப் பழைய அளவையே போட்டிருக்கிறார்கள். சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பு வந்து நினைவு தப்பிவிட்டது. தீவிர சிகிச்சையில் இருக்கிறார்.

நான் மூன்றாம் மாடிக்கு ஓடியது எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார்.

ஜூலை 9, செவ்வாய்

விசாரணை. நீள மேஜை. கோமதிநாயகம், மதுரையிலிருந்து இரண்டு பேர், ராமசுப்பு சார். கதவோர நாற்காலியில் இசக்கி, அதே மஞ்சள் சுடிதார்.

படங்களைக் காட்டினேன். கமிட் நேரங்களை வரிசையாக விளக்கினேன். பழைய மீட்டர் எதைக் கழிக்கிறது, எதைக் கேட்பதே இல்லை என்று சொன்னேன். மதுரைக்காரர்களில் ஒருவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

கோமதிநாயகம் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இருபத்தாறாம் தேதி நான் கையெழுத்துப் போட்டது.

"பிந்துதல் எதுவும் இல்லன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? இதுல எது பொய்?"

"அன்னைக்கு மீட்டர் சொன்னத எழுதினேன் சார். மீட்டர் தப்பு."

"தப்புன்னு என்னைக்குத் தெரிஞ்சுது?"

ராமசுப்பு சார் என்னைப் பார்த்தார். தலையை அசைக்கவில்லை, கண்ணால்தான் ஏதோ சொன்னார். ஐந்தாம் தேதி என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. படங்களில் அந்தத் தேதிதான் இருக்கிறது.

"இருபத்தேழாம் தேதி" என்றேன்.

"அஞ்சாம் தேதி வரைக்கும் எதையும் மாத்தல?"

"இல்ல சார்."

"ஏன்?"

"ஆதாரம் இல்லாம இருந்துச்சு. மறுபடி அடைக்கும்போது பிடிக்கணும்னு இருந்தேன்."

"எட்டு நாளு" என்றார் மதுரைக்காரர்.

வெளியே வராந்தாவில் இசக்கி எனக்காக நின்றிருந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்காவத்தான் அப்படியே விட்டு வச்சியளாக்கா?"

"ஆமா. மாத்தியிருந்தா ஒனக்கு ஆதாரமே கெடச்சிருக்காது இசக்கி."

"நா பொய் சொல்லலன்னு இருபத்தேழாந்தேதியே ஒங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா போதும். அந்த எட்டு நாளும் நா சோறு திங்கல. கை தப்பிருச்சோ, கண்ணு தப்பிருச்சோன்னு நானே என்னய நம்பல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா எனக்காவன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லாதிய. அந்தப் பொம்பள படுத்துக் கெடக்கதுக்கு நா காரணமா இருக்க மாட்டேன்."

ஜூலை 12, வெள்ளி

உத்தரவு வந்தது. இசக்கியை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். என்னைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். ராமசுப்பு சாருக்கு எச்சரிக்கை. வள்ளிநாயகம் வீட்டாரிடம் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு கோளாறைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போக முடியாதே என்று மூத்த மகன் கேட்டானாம்.

முகைதீன் போன் செய்தார். மற்ற ஊர் கிளைகளில் இன்னும் அதே மீட்டர்தான் ஓடுகிறதாம். சொல்லிப் பார்த்தாராம். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்றார்களாம்.

"இப்ப என்ன காட்டுதுங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் பச்சைதான்" என்றார்.

ஜூலை 13, சனி

துணி துவைத்தேன். வீட்டுக்கு வந்துவிட்ட அப்பாவின் காலைத் தூக்கிப் பயிற்சி கொடுத்தேன். ஷைனி, "ஏம்மா வேலைக்குப் போகல?" என்றாள். லீவு என்றேன்.

ஜூலை 15, திங்கள்

அப்பாவுக்குத் தையல் பிரிக்கும் நாள். வேறு மருத்துவமனைக்குப் போகலாமா என்றேன். "வெட்டுனவன்தான் பிரிக்கணும்" என்றார். வாசலில் காவலாளி வணக்கம் வைக்கவில்லை. பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பாவை உள்ளே கூட்டிப்போனதும் நான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே போய் நின்றேன். அங்கே பெஞ்சில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், பிளாஸ்டிக் கூடையும் போர்வையுமாக உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்திலேயே பத்து நாளாகக் குடியிருப்பவள் என்று பார்த்தாலே தெரிந்தது. சண்முகத்தாயின் மருமகள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அப்படியேதான் இருக்காவ. கண்ணு தொறந்துருக்கு, ஆனா ஆளத் தெரியல. நீங்க யாரு?"

"இங்க வேலை பாத்தேன். கம்ப்யூட்டர்ல."

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். "பியூலா மேடமா? நீங்கதானா? அன்னைக்கு நீங்க போன் பண்ணிச் சொல்லலன்னா மத்தியானமும் அதே ஊசியப் போட்டு ஆளே போயிருப்பாவன்னு நர்ஸம்மா சொன்னாவ. ஒங்களப் பாக்கணும்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்கோம்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது. "எங்கத்த உசிரு நீங்க குடுத்தது மேடம்."

அவள் பின்னால் கண்ணாடிக் கதவுக்குள் கட்டில் தெரிந்தது. ஒரு பச்சைப் போர்வை, ஒரு குழாய், தலைமாட்டில் நரைத்த முடியின் ஒரு கொத்து. அவ்வளவுதான் தெரிந்தது.

"நா ஒங்க மாடிக்கு மொதல்ல வரலம்மா" என்றேன்.

"என்ன?"

"ஒங்களுக்கு மொதல்ல போன் பண்ணல. மூணாம் மாடிக்கு ஓடிட்டேன். அங்க கொஞ்ச நேரம் ஒக்காந்துருந்தேன். அப்புறந்தான் பண்ணேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரியாமலே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாம் மாடியில யாரு மேடம்?"

"எங்க அப்பா."

"அதுக்கென்ன மேடம்" என்றாள் அவள் மெல்ல. "பெத்த அப்பா இல்லியா? யாராருந்தாலும் அங்கதான ஓடுவாவ."

அவள் என் கையை விடவே இல்லை. நான்தான் விடுவித்துக்கொண்டேன்.